முகம் முன்னே, உடை பின்னே

நடிப்புத் தேர்வுக்கு என்ன உடுத்திப் போவது? கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் துணி எடுக்கக் கிளம்பும் முன் படிக்க வேண்டியவை

"ஞாயிறு காலை 10 மணிக்கு ஆடிஷன். தோட்டத்துப் பெண் வேடம். வயது 20 முதல் 25 வரை. ஒரு பக்க வசனம் இணைத்துள்ளோம்."

வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி வசனத்தைப் பற்றியதாக இருக்காது. "என்ன போட்டுக்கிட்டுப் போகப் போறே?" என்பதாகத்தான் இருக்கும். அம்மா அலமாரியைத் திறந்து பட்டுச் சேலையை எடுப்பார். அக்கா தீபாவளிக்குத் தைத்த லெஹங்காவைச் சொல்வார். தோழி ஒருத்தி, "வாடகைக்கு டிரஸ் எடுக்கலாம், எனக்கு ஒரு கடை தெரியும்" என்பாள். ஒரு மணி நேரத்தில் குடும்பமே ஜார்ஜ்டவுனுக்குக் கிளம்பிவிடும்.

கிளம்புவதற்கு ஏற்ற ஊர்தான் இது. முன்பு பிட் ஸ்ட்ரீட் என்று அழைக்கப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நின்று சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் 1801இல் காதர் முகைதீன் எழுப்பிய பள்ளிவாசல். சற்றுத் தள்ளி மகா மாரியம்மன் கோயிலின் பின்புறம். அதையும் தாண்டினால் ஊதுவத்திப் புகை சூழ்ந்த குவான் யின் கோயில். சாலையின் முனையில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். பட்டு, கைலி, ஜிப்பா, சோங்கோக், பாஜு கூரோங் என மலேசியாவில் மனிதர்கள் உடுத்தும் அத்தனையையும் இந்தச் சாலையில் ஒரே காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். பக்கத்திலேயே லிட்டில் இந்தியாவின் துணிக்கடைகளும் தையல் கடைகளும் இருக்கின்றன.

ஆனால் ஆடிஷனுக்குப் போகிறவருக்கு இந்த வசதியே ஒரு சிக்கல். கையில் இருக்கும் காசு பையோடு போய்விடும். அதைவிட மோசம், வாங்கி வந்த உடையே வாய்ப்பையும் கெடுத்துவிடலாம்.

மேடைப் பழக்கம்

நம் வீடுகளில் ஏன் முதலில் பட்டும் ஜரிகையும் நினைவுக்கு வருகின்றன? நமக்குப் பழக்கப்பட்டது மேடை. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழாக் கலை நிகழ்ச்சி, பரதநாட்டிய அரங்கேற்றம் என நம் பிள்ளைகள் முதலில் ஏறுவது மேடையில்தான். மேடையில் உடை மின்ன வேண்டும். கடைசி வரிசையில் இருப்பவருக்கு முகம் தெரியாது. அரசன் யார், சேவகன் யார் என்பதை உடைதான் சொல்லும்.

பினாங்கிற்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் இங்கே வந்து ஆடின. ஊர் திரும்பும்போது ஒரு குழு தன் உடைகளையும் மேடைப் பொருட்களையும் இங்கேயே விற்றுவிட்டுப் போனதாகவும், அவற்றை வைத்துத்தான் உள்ளூர்க் குழு உருவானதாகவும் நாடக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மாமாக் புஷி என்பவர் 1885இல் நடத்திய இந்திரா பங்சவான் குழு அந்த வழியில் வந்தது. மலாய் மேடையின் பெருமையாகிய பங்சவான் பினாங்கில் பிறந்தது இப்படித்தான். அங்கே ஆடைதான் முதலில் வந்தது, நடிகர் அதற்குள் பிறகு நுழைந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

கேமரா அப்படி அல்ல. அது உங்கள் முகத்துக்கு நாலடி தூரத்தில் நிற்கிறது. கண் இமை துடிப்பதும், பொய் சொல்லும்போது தொண்டை அசைவதும் அதற்குத் தெரியும். பெரும்பாலான ஆடிஷன்களில் படம் பிடிப்பது மார்புக்கு மேலேதான். அந்தச் சட்டகத்துக்குள் ஜரிகைக் கரையோ கல் வைத்த அட்டிகையோ வந்துவிட்டால், பார்க்கிறவரின் கண் முதலில் அங்கேதான் போகும். உங்கள் நடிப்புக்குக் கிடைப்பதோ ஓரிரு நிமிடம். அதில் பாதியை நகைக்குக் கொடுத்துவிட வேண்டுமா?

ஒரு சேலை செய்த வேலை

உடைக்குச் சக்தியே இல்லை என்று இதற்கு அர்த்தம் அல்ல. சரியான உடை என்ன செய்யும் என்பதற்கு இந்தியத் திரை வரலாற்றில் அழகான ஓர் உதாரணம் இருக்கிறது. சத்யஜித் ரேயின் 'அபூர் சன்சார்' படம் 1959இல் வெளிவந்தது. அதில் இளம் மனைவி அபர்ணாவாக நடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, பள்ளி மாணவியாக இருந்த ஷர்மிளா தாகூரை ரேயின் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஃபிராக் அணிந்து வந்திருந்த சிறுமி. ரேயின் மனைவி பிஜோயா, அவளுக்கு ஒரு சாதாரணச் சேலையைக் கட்டிவிட்டு, தலைமுடியைக் கொண்டையாக முடிந்து, பொட்டும் வைத்துவிட்டார். ரே தேடிய அபர்ணா கிடைத்துவிட்டாள்.

கவனியுங்கள், அது திருமணப் பட்டு அல்ல, வீட்டில் கட்டும் சேலை. அபர்ணா எப்படி இருப்பாள் என்று கற்பனை செய்ய அந்த அளவு போதுமாக இருந்தது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1992இல் வெளிவந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் பூனைப் பெண் வேடத்தை எப்படியாவது பெற வேண்டும் என்று, ஷான் யங் என்ற ஹாலிவுட் நடிகை அந்த வேடத்தின் முழு உடையை அணிந்தே ஸ்டுடியோவுக்குப் போனார். வேடம் மிஷல் ஃபைஃபருக்குத்தான் கிடைத்தது. இன்றுவரை அந்தச் சம்பவம் வேடிக்கைக் கதையாகச் சொல்லப்படுகிறது.

அப்படியானால் முழு வேடமும் போட்டுக்கொண்டு ஜெயித்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களின் ஃபுரோடோ வேடத்துக்காக எலைஜா வுட் பழங்காலத்து உடையை வாடகைக்கு எடுத்து, நண்பரின் உதவியோடு மரங்களுக்கிடையே ஒரு காணொளி எடுத்து அனுப்பினார். வேடமும் கிடைத்தது. ஆனால் அவர் அப்போதே பல படங்களில் நடித்துத் தேர்ந்தவர். அந்தக் காணொளியில் உடையை எடுத்துவிட்டால் மிஞ்சுவதற்கு ஒரு நடிகர் இருந்தார். முதல் ஆடிஷனுக்குப் போகிறவர் அந்தத் துணிச்சலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம், வாடகை ரசீதை அல்ல.

சாயல் போதும்

இதில் எளிய விதி ஒன்றுதான். வேடத்தின் சாயல் தெரிய வேண்டும், வேடம் போடக் கூடாது. நம் ஊரில் அடிக்கடி அழைப்பு வரும் சில பாத்திரங்களை எடுத்துக்கொள்வோம்.

தோட்டத்துப் பெண் என்றால், நிறம் மங்கிய பருத்திச் சட்டையும் நீளப் பாவாடையும் போதும். கன்னத்தில் கரி, தலையில் துணிக்கட்டு, கையில் வாளி எல்லாம் வேண்டாம். புதுத் துணி வாங்கி அதைப் பழசாக்க முயல்வதைவிட, பண்டல் கடையில் ஏற்கெனவே பத்து வருடம் உழைத்த சட்டை ஒன்றை எடுப்பது மேல். அதைவிட நல்லது, வீட்டில் பழைய புகைப்பட ஆல்பத்தைப் புரட்டுவது. பாட்டி என்ன கட்டியிருந்தார், சட்டையின் கை எவ்வளவு நீளம், கழுத்தில் என்ன இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' (2015), தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் 1990களைக் காட்டிய மலேசியத் தமிழ்ப்படம். 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வானது. அந்தக் காலத்துச் சாதாரண வீடுகளில் மனிதர்கள் எப்படி உடுத்தினார்கள் என்று பார்ப்பதற்காகவே அதை இன்னொரு முறை பார்க்கலாம்.

வழக்கறிஞர், மேலாளர், மருத்துவர் போன்ற வேடங்களுக்கு இஸ்திரி போட்ட காலர் சட்டை போதும். கறுப்பு அங்கியும் ஸ்டெதஸ்கோப்பும் தேவையில்லை. போலீஸ் வேடமா? சீருடை பக்கமே போகாதீர்கள். அது சட்டச் சிக்கலையும் கொண்டுவரலாம். அடர்நிற ஒற்றை வண்ணச் சட்டை, ஒட்ட வெட்டிய முடி, நேரான தோள். இவையே போலீஸைக் காட்டிவிடும்.

அம்மா வேடத்துக்குச் சேலைதான் பொருத்தம் என்றால் பருத்தி அல்லது வாயில் சேலை கட்டுங்கள். மடிப்பை ஊக்குப் போட்டு நிறுத்திவிடுங்கள். முந்தானையைச் சரிசெய்துகொண்டே வசனம் பேசினால், கேமராவில் அந்தக் கைதான் தெரியும். 1950களின் கதை என்றால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். அன்றைய உடை முழுவதும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இன்றைய பொருள் எதுவும் சட்டகத்துக்குள் வராமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது குண்டர் வேடம். நம் இளைஞர்களுக்கு மிக அதிகமாக வரும் அழைப்புகளில் இதுவும் ஒன்று. கறுப்பான, திடகாத்திரமான பையன் என்றாலே அந்த வேடம்தான் என்று முடிவுகட்டும் பழக்கம் திரையில் இன்னும் போகவில்லை. அழைத்த வேடத்துக்கு நேர்மையாகத் தயாராகிப் போங்கள். பொய்ப் பச்சையும் தடித்த சங்கிலியும் வேண்டாம், பழைய டி-சட்டை போதும். கூடவே பையில் ஒரு காலர் சட்டையையும் வைத்துக்கொள்ளுங்கள். நடித்து முடித்ததும், "சார், ஆசிரியர் வேடத்துக்கும் ஆள் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. சட்டையை மாற்றிக்கொண்டு அதையும் ஒருமுறை பேசிக் காட்டலாமா?" என்று கேட்கலாம். மறுத்தால் இழப்பு ஒன்றுமில்லை. ஒப்புக்கொண்டால், அந்த ஒரு சட்டை உங்களை வேறு ஆளாகப் பார்க்க வைக்கும்.

கேமராவுக்குப் பிடிக்காதவை

மிக நெருக்கமான கோடுகளும் பொடிக்கட்டங்களும் கேமராவில் அலையலையாக நெளியும். கண்ணுக்கு நன்றாக இருக்கும் சட்டை, திரையில் தலைவலியாகிவிடும். பெரிய எழுத்துகள், சின்னங்கள், கால்பந்துக் குழு ஜெர்சி எல்லாம் வேண்டாம். பார்ப்பவர் அதைப் படிக்கத் தொடங்கிவிடுவார்.

தூய வெள்ளையும் முழுக் கறுப்பும் கைப்பேசிக் கேமராவைக் குழப்பும். சட்டகத்தில் வெள்ளை அதிகம் இருந்தால் கேமரா வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும். அப்போது மாநிற, கறுப்பு முகங்கள் மேலும் இருண்டு, கண்ணே தெரியாமல் போகும். முகம் கறுத்துத் தெரிகிறதே என்று பலர் பவுடரை அப்புகிறார்கள். கோளாறு முகத்தில் இல்லை, சட்டையில்தான். மயில் நீலம், பாசிப் பச்சை, காவி, கத்தரிப்பூ நிறம் போன்ற நடுத்தர ஒற்றை வண்ணங்களை அணிந்து பாருங்கள், அதே முகம் தெளிவாகத் தெரியும். உங்கள் தோலின் நிறத்தை மாற்றாதீர்கள். தேர்வு செய்பவர் அந்த முகத்தைத்தான் படப்பிடிப்பு நாளிலும் எதிர்பார்ப்பார்.

வீட்டிலேயே எடுத்து அனுப்பும் காணொளி என்றால், பின்சுவரின் நிறத்தில் சட்டை போடாதீர்கள். நீலச் சுவருக்கு முன் நீலச் சட்டை அணிந்தால் தலை மட்டும் மிதப்பதுபோல் இருக்கும்.

ஒலியையும் மறந்துவிடக் கூடாது. கண்ணாடி வளையல், கொலுசு, ஜிமிக்கி எல்லாம் மைக்கில் உங்களுக்கு முன்னால் பேசிவிடும். காலரில் மைக் குத்தினால் பட்டு சரசரக்கும், கஞ்சி போட்ட துணி மொரமொரக்கும். உடையை அணிந்து, கைப்பேசியில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். கண்ணாடி முன் நிற்பதைவிட இது பயனுள்ள சோதனை.

பிறகு நம் ஊர் வெயில். சாம்பல் நிறச் சட்டையும் இளநீலச் சட்டையும் வியர்வையை அப்படியே காட்டிக்கொடுக்கும். தமிழ் நாடகங்களின் தயாரிப்பு பெரும்பாலும் கோலாலம்பூர் பக்கம் நடப்பதால், பட்டர்வொர்த்தில் ரயிலேறிப் போகிறவர்கள் பயணத்துக்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று என்று இரண்டு சட்டை வைத்துக்கொள்வது நல்லது. லினன் துணி நான்கு மணி நேரப் பயணத்தில் காகிதம்போல் கசங்கிவிடும்.

இரண்டாம் சுற்றுக்கு அழைத்தால் முதல் சுற்றில் அணிந்த அதே உடையில் போங்கள். நூறு முகங்களுக்கு நடுவே அவர்களுக்கு உங்கள் பெயர் மறந்திருக்கலாம். "அந்தப் பச்சைச் சட்டைப் பையன்" என்பது நினைவிருக்கும்.

கூட்டக் காட்சிக்கு வேறு கணக்கு

பின்னணிக் கூட்டத்தில் நிற்க அழைப்பு வந்தால் நிலைமை மாறும். பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய 'இந்தியன் சம்மர்ஸ்' (2015-2016) தொடர், 1932இன் சிம்லாவைப் பினாங்கில் உருவாக்கியது. 'கிரேஸி ரிச் ஏசியன்ஸ்' (2018) படத்தின் மாஜோங் காட்சி இங்குள்ள சியோங் ஃபாட் சீ மாளிகையில் எடுக்கப்பட்டது. இப்படிப்பட்ட தயாரிப்புகள் வரும்போது, பழங்கால உடைகளை அவர்களின் உடைப் பிரிவே கொடுக்கும். உங்களிடம் கேட்பது அளவுகளைத்தான்: உயரம், மார்பு, இடுப்பு, தோள், காலணி எண். லிட்டில் இந்தியாவில் எந்தத் தையல்காரரிடம் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் அளந்து சொல்வார். எழுதிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். முடிக்குப் புதிதாகச் சாயம் அடிக்காமல் இருப்பதும் உதவும். 1932இல் நீல முடி கிடையாது.

சின்ன உள்ளூர்த் தயாரிப்புகளிலோ, "கல்யாணக் காட்சி, உங்கள் உடையிலேயே வாருங்கள்" என்பார்கள். அம்மாவின் பட்டுக்கு அன்றுதான் வேலை.

எல்லை உங்களுடையது

பெற்றோர் பலருக்கு உள்ளுக்குள் இருக்கும் கவலை துணியின் நிறத்தைப் பற்றியது அல்ல. "பிள்ளையை என்ன உடுத்தச் சொல்வார்களோ" என்பதுதான். அந்தக் கவலையைப் பழைய காலத்து எண்ணம் என்று தள்ளிவிட முடியாது.

முறையான தேர்வில் வேடம், கதை, இடம், தேவையான உடை எல்லாம் முன்கூட்டியே எழுத்தில் வரும். உடல்வாகு தெரிய வேண்டும் என்றால் உடலோடு பொருந்திய டி-சட்டையும் நீளக் கால்சட்டையும் போதும். வசனம் பேசும் தேர்வில் அதற்குமேல் எதற்கு? "உள்ளாடையில் படம் அனுப்பு", "அறைக்கு வந்து உடை மாற்று", "தனியாக வா" என்ற பேச்சு வந்தால் அது தேர்வு அல்ல. உடனே விலகிவிடுங்கள். செய்தியை அழிக்காமல் சேமித்து வையுங்கள். மலேசியாவில் திரைப்படத் தயாரிப்புக்குப் பினாஸ் உரிமம் தேவை. நிறுவனத்தின் பெயரையும் உரிமத்தையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நேர்மையான நிறுவனம் அதற்குக் கோபித்துக்கொள்ளாது. 2022இல் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அதன் கீழ் நடுவர் மன்றமும் செயல்படுகிறது. காவல் நிலையமும் இருக்கிறது.

உங்கள் சொந்த எல்லைகளையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். தலைமுக்காடு அணியும் இளம்பெண், "நான் முக்காட்டோடுதான் நடிப்பேன்" என்று விண்ணப்பத்திலேயே எழுதலாம். தாலியைக் கழற்ற மனமில்லாதவர் அதைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு தேர்வை முடிக்கலாம், கேட்டால் காரணம் சொல்லலாம். சில வேடங்கள் கைவிட்டுப் போகும். ஆனால் படப்பிடிப்பு நாளில், நாற்பது பேர் காத்திருக்கும்போது முதன்முறையாக மறுத்துப் பேசுவதைவிட, இப்போதே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. ஆடிஷன் காலையில் பிள்ளையின் உடையைப் பற்றி விவாதம் வேண்டாம். கருத்து இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாசலில் நின்று, "இதையா போட்டுக்கிட்டுப் போற?" என்று கேட்டால், அந்தக் கேள்வி பிள்ளையோடு கேமரா முன்வரை போகும்.

அலமாரியில் ஐந்து

ஒவ்வொரு தேர்வுக்கும் புதுத்துணி எடுத்தால் கட்டுபடியாகாது. பெரும்பாலான அழைப்புகளுக்கு இந்த ஐந்தே போதும்:

1. நடுத்தர நிறத்தில், கோடுகள் இல்லாத காலர் சட்டை ஒன்று.
2. உடலோடு பொருந்தும் ஒற்றை வண்ண டி-சட்டை ஒன்று.
3. பழைய பருத்திச் சட்டை ஒன்று. ஏழ்மை, தோட்டம், பழைய காலம் எல்லாவற்றுக்கும் இதுவே.
4. பெண்களுக்கு ஒரு பருத்திச் சேலை அல்லது எளிய சுரிதார். ஆண்களுக்குக் கைலி அல்லது வேட்டியோடு அணிய ஒரு ஜிப்பா.
5. சத்தம் போடாத காலணி ஒரு ஜோடி.

இவற்றில் பல ஏற்கெனவே வீட்டில் இருக்கும். தொளதொளவென்று இருப்பதைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். புதுச்சட்டை வாங்குவதைவிட, இருக்கும் சட்டையைத் தோளுக்குச் சரியாக அமைப்பது மலிவு. கேமராவில் வித்தியாசத்தைக் காட்டுவதும் அதுதான்.

தேர்வுக்கு முதல் நாள் மாலை அந்த உடையிலேயே வசனத்தை முழுதாக ஒருமுறை நடித்துப் பாருங்கள். உட்காருங்கள், எழுந்திருங்கள், கையை உயர்த்துங்கள். எங்காவது இழுத்தால், உறுத்தினால், ஏறி இறங்கினால் மாற்றிவிடுங்கள். பாதி வசனத்தில் உடையின் நினைவே வராமல் போனால் அதையே இஸ்திரி போட்டு மாட்டி வையுங்கள். மிச்சப்பட்ட பணத்தில் மறுநாள் காலை பசியாறிவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் வசனம் மறந்துவிடும்.